ஏர் ஃப்ரையர்ல வான்கோழி: ஐஸ் விடுறதுல இருந்து மிச்சத்தை எடுத்து வைக்கிற வரைக்கும் முழு வழிகாட்டி

வான்கோழி சமைச்சுப் பார்த்தவங்க சொல்ற பெரிய குறை ஒண்ணே ஒண்ணு தான், நெஞ்சுக்கறி வறண்டு போச்சு, மென்னா சக்கை மாதிரி இருக்கு, கிரேவி ஊத்தலன்னா தொண்டையில இறங்கவே மாட்டேங்குது. அதுல பறவை மேல தப்பே இல்ல. ஒரே உடம்புல ரெண்டு விதமான கறி இருக்கு, நாம ரெண்டையும் ஒரே நேரத்துல ஒரே சூட்டுல வேக வைக்கிறோம், பிரச்சனை அங்க தான் ஆரம்பிக்குது.

வான்கோழி நாள் முழுக்க நடந்துக்கிட்டே இருக்கிற பறவை, அதனால காலும் தொடையும் உழைச்ச சதை, கருஞ்சிவப்பா இருக்கும், கொழுப்பும் ஜவ்வும் அதிகம். அந்த ஜவ்வு கரைஞ்சு ஜெலட்டினா மாறினா தான் கறி மெத்துனு ஆகும், அதுக்கு உள்சூடு 80 டிகிரி செல்சியஸ் பக்கம் போகணும். நெஞ்சுக்கறியோ வெள்ளைக்கறி, கொழுப்பு ரொம்ப கம்மி, ஜவ்வும் கம்மி. 66 டிகிரி தாண்டும்போதே அதோட புரதம் இறுகி தண்ணிய வெளிய பிழிய ஆரம்பிச்சிடும், 80க்கு போச்சுன்னா பிழிஞ்சு போட்ட துணி தான். முழுப் பறவையா சுட்டா கால் வேகுறதுக்குள்ள நெஞ்சு வீணாப் போயிடும்.

ஏர் ஃப்ரையர்ல இடம் சின்னது, முழுசா வைக்க முடியாது, பிரிச்சு தான் வைக்கணும். இதை நிறைய பேர் குறையா நினைக்கிறாங்க, எனக்கு இது தான் அதோட பெரிய பலம். பிரிச்சுட்டா ஒவ்வொரு பீஸையும் அதுக்கு என்ன சூடு வேணுமோ அதுல நிறுத்தலாம். இந்த வழிகாட்டி முழுக்க இந்த ஒரு விஷயத்தை வச்சு தான்.

முழுசா வச்சா என்ன ஆகும்

நான் முதல்ல ஒரு 4 கிலோ பறவைய பெரிய சைஸ் ஏர் ஃப்ரையர்ல முழுசா வச்சேன், மூடுச்சு, ஆனா மேல தோலுக்கும் ஹீட்டருக்கும் நடுவுல ரெண்டு விரல் இடம் கூட இல்ல. அரை மணி நேரத்துல நெஞ்சு மேல கருகிடுச்சு, தொடை இடுக்குல தெர்மாமீட்டர் குத்திப் பார்த்தா 40 டிகிரி கூட தாண்டல. வீட்டுக்கு வந்தவங்க பசியோட காத்திருக்க, சூடான பறவைய வெளிய எடுத்து துண்டு துண்டா வெட்டி திரும்ப வச்சு வேக வச்சேன், அன்னைக்கு சாப்பாடு ரெண்டு மணி நேரம் தள்ளிப் போச்சு. அதுக்கப்புறம் முழுசா வச்சதே இல்ல.

காரணம் ரொம்ப சிம்பிள். ஏர் ஃப்ரையர்னு பேர் இருந்தாலும் அது எண்ணெயில பொரிக்கிற சாதனம் இல்ல, மேல ஒரு ஹீட்டர் காயில், அதுக்கு மேல ஒரு ஃபேன், அவ்வளவு தான், சின்ன சைஸ் கன்வெக்ஷன் ஓவன். ஃபேன் சூடான காத்த வேகமா சுத்த விடுறதால கறிய சுத்தி இருக்கிற ஈரக்காத்து உடனே விலகிடுது, தோல் சீக்கிரம் காயுது, காய்ஞ்ச தோல் 140 டிகிரி தாண்டினதும் பொன்னிறமா மாறி வாசனை வருது. இது நடக்கணும்னா காத்து சுத்த இடம் வேணும். பீஸோட நாலு பக்கமும் ஒரு விரல் இடைவெளி, மேல ஹீட்டருக்கு கீழ கம்மியா 3 சென்டிமீட்டர். இடம் இல்லாம அடைச்சா கீழ்ப்பக்கம் ஆவியில வெந்த மாதிரி வெளிறிப் போய் இருக்கும், மேல்பக்கம் கருகும்.

எந்த பீஸ் வாங்குறது

முதல் தடவை பண்றவங்க எலும்போட இருக்கிற ஒரு பக்க நெஞ்சு, ஒன்றரையில இருந்து 2 கிலோ வரைக்கும், அதை வாங்குங்க. 5 லிட்டர் 6 லிட்டர் பாஸ்கெட்ல நிம்மதியா உக்காரும். எலும்பும் தோலும் இருக்கிறதால கொஞ்சம் கவனம் பிசகினாலும் காப்பாத்திடும். எலும்பில்லாம ரோல் பண்ணி கட்டினதும் கிடைக்கும், வெட்டுறதுக்கு சுலபம், ஆனா ஈரப்பதம் எலும்பு பீஸ் அளவுக்கு வராது, என் அனுபவத்துல. கால், தொடை தனியா கிடைச்சா தாராளமா வாங்கலாம், ஏர் ஃப்ரையருக்குன்னே செஞ்சு வச்ச மாதிரி பீஸ் அதுங்க.

வாங்கும்போது பாக்கெட் லேபிளை ஒரு தடவை படிங்க. சில வான்கோழிக்கு உப்புத் தண்ணி ஊசி போட்டு தான் விப்பாங்க, எடை கூடவும் ஈரம் நிக்கவும். அப்படிப்பட்டதுக்கு நாம திரும்ப முழு உப்பு போட்டா வாயில வைக்க முடியாது. சேர்மானத்துல கறிய தவிர உப்பு, தண்ணின்னு போட்டிருந்தா கீழ நான் சொல்ற உப்புல கால்வாசி போதும்.

வாங்கிட்டு வர்றதுக்கு முன்னாடியே காலி பாஸ்கெட்டோட நீளம் அகலம் உயரத்தை ஸ்கேல் வச்சு அளந்து போன்ல எழுதிக்கோங்க, கடையில நின்னு கண்ணால கணக்கு போட்டா பெரும்பாலும் தப்பும்.

ஐஸ் விடுறது

ஐஸ் விடுறதுன்னா ஃப்ரீசர்ல உறைஞ்சு கிடக்கிற கறிய ஐஸ் போக இளக வைக்கிறது. இதுல அவசரப்பட்டா மத்த எதை சரியா பண்ணியும் பிரயோஜனம் இல்ல. ஃப்ரிட்ஜ்ல வச்சு ஐஸ் விடணும்னா 2 கிலோவுக்கு ஒரு நாள்னு கணக்கு வச்சுக்கோங்க, அப்போ 6 கிலோ முழுப் பறவைன்னா 3 நாள். கீழ் தட்டுல, விளிம்பு வச்ச ட்ரேல வைங்க, ஒழுகுற தண்ணி வேற சாப்பாட்டு மேல படக்கூடாது. முழுசா ஐஸ் விட்டதுக்கு அப்புறம் ஃப்ரிட்ஜ்ல ஒண்ணு ரெண்டு நாள் இருக்கலாம்.

நேரம் இல்லன்னா குளிர்ந்த தண்ணி முறை. ஒழுகாத பையில கட்டி, முழுசா முங்குற அளவு குளிர்ந்த தண்ணில போட்டு, அரை மணிக்கு ஒரு தடவை தண்ணிய மாத்தணும், அரை கிலோவுக்கு அரை மணி நேரம் ஆகும். 2 கிலோ நெஞ்சுன்னா 2 மணி நேரம். இப்படி விட்டதை உடனே சமைச்சிடணும், அதனால கீழ சொல்ற ஒரு ராத்திரி உப்பு முறை இதுக்கு ஒத்து வராது.

சமையல் மேடை மேல வெளிய வச்சு விடவே விடாதீங்க, சுடுதண்ணியும் வேண்டாம். 4 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவுல தான் கிருமிங்க ரொம்ப வேகமா பெருகும், வெளிய வச்சா உள்ள ஐஸ் இருக்கும்போதே மேல்பக்கம் அந்த சூட்டுக்கு வந்து பல மணி நேரம் நிக்கும். இன்னொண்ணு, பச்சை வான்கோழிய குழாயடில கழுவாதீங்க. கழுவினா சுத்தம்னு நமக்கெல்லாம் பழகிப் போச்சு, எனக்கும் இந்தப் பழக்கத்தை விட நாளாச்சு, ஆனா சால்மொனெல்லா மாதிரி கிருமி தண்ணில போகாது, தெறிச்சு சிங்க், பாத்திரம், பக்கத்துல வச்ச காய்னு எல்லாத்துலயும் ஒட்டும். சூடு தான் அதைக் கொல்லும். டிஷ்யூவால ஒத்தி எடுத்து, டிஷ்யூவ குப்பையில போட்டு, கைய சோப்பு போட்டு 20 செகண்ட் கழுவிட்டா போதும்.

முழுப் பறவைய பிரிக்கிறது

தனித்தனி பீஸா வாங்கினவங்க இதைத் தாண்டிப் போயிடலாம்.

முதல்ல உள்ளயும் கழுத்துப் பக்கமும் கைய விட்டுப் பாருங்க, கழுத்து, ஈரல், இதயம் எல்லாம் ஒரு சின்ன பையில போட்டு வச்சிருப்பாங்க, சில நேரம் ரெண்டு இடத்துலயும் இருக்கும். காலைச் சேர்த்துக் கட்டுற பிளாஸ்டிக் வளையம், நெஞ்சுல குத்தி வச்ச பிளாஸ்டிக் டைமர் எது இருந்தாலும் எடுத்துடுங்க.

பறவைய நெஞ்சு மேல பார்க்கிற மாதிரி பலகையில வைங்க, பலகைக்கு அடியில ஈரத்துணி போட்டா நகராது. காலுக்கும் உடம்புக்கும் நடுவுல இருக்கிற தோலை மட்டும் கீறுங்க. அப்புறம் காலைப் பிடிச்சு வெளிப்பக்கமா பின்னாடி மடக்குங்க, டக்குனு மூட்டு கழண்டு குண்டு எலும்பு வெளிய தெரியும், அந்த இடுக்குல கத்திய விட்டா எலும்பே தட்டாம கால் தனியா வந்துடும். வெட்டுறதே பலத்தை வச்சு இல்ல, மூட்டைத் தேடிப் பிடிக்கிறது தான், கத்தி எலும்புல முட்டுச்சுன்னா அழுத்தாம கொஞ்சம் தள்ளி வச்சுப் பாருங்க. தொடையும் காலும் சேர்ற இடத்துல உள்பக்கம் ஒரு வெள்ளைக் கொழுப்புக் கோடு தெரியும், அந்தக் கோட்டு மேல வெட்டினா ரெண்டும் சுலபமா பிரியும். ரெக்கையும் இதே மாதிரி தான், இழுத்து மூட்டைக் கண்டுபிடிச்சு வெட்டுங்க.

இப்போ மிச்சம் இருக்கிறது நெஞ்சும் முதுகும். பறவைய நிமித்தி வச்சுப் பார்த்தா விலா எலும்பு ஓரமா ஒரு கொழுப்புக் கோடு போகும், அதுல பெரிய கத்திரிக்கோல் வச்சு ரெண்டு பக்கமும் வெட்டிக்கிட்டே போனா முதுகு தனியா கழண்டுடும். நெஞ்சு ரெண்டும் சேர்ந்தே உங்க பாஸ்கெட்ல போகும்னா அப்படியே விடுங்க, இல்லன்னா நடு எலும்புக்கு ஒரு ஓரமா கனமான கத்திய அழுத்தி ரெண்டா பிளந்துக்கோங்க. முதுகு, கழுத்து, ரெக்கை நுனி மூணையும் தூக்கிப் போட்டுடாதீங்க, கிரேவியே அதுல தான் இருக்கு.

உப்பு போட்டு ஒரு ராத்திரி

மசாலா என்னவா வேணா இருக்கட்டும், அது உங்க இஷ்டம். ஆனா உப்பு மட்டும் முந்தின நாளே போடணும். உப்பு முதல்ல கறில இருந்து தண்ணிய வெளிய இழுக்கும், ஒரு மணி நேரத்துல பார்த்தா மேல வேர்த்த மாதிரி இருக்கும், அந்தத் தண்ணில உப்பு கரைஞ்சு திரும்ப மெதுவா உள்ள போகும், போய் சதையோட புரதத்தைக் கொஞ்சம் தளர்த்தி விடும். தளர்ந்த புரதம் வேகும்போது அவ்வளவா இறுகாது, தண்ணிய விடாம பிடிச்சுக்கும். பக்கெட் தண்ணில உப்பு கரைச்சு ஊற வைக்கிற முறையும் இருக்கு, ஆனா அதுல தோலும் தண்ணிய குடிச்சிடும், ஏர் ஃப்ரையர்ல மொறுமொறுப்புக்காகத் தானே இவ்வளவு பாடு, அதனால வெறும் உப்பு தான் என் தேர்வு.

எலும்போட இருக்கிற கறிக்கு கிலோவுக்கு ஒன்றரை டீஸ்பூன் தூள் உப்பு. அதோட கிலோவுக்கு அரை டீஸ்பூன் பேக்கிங் பவுடர், அரை டீஸ்பூன் மிளகுத்தூள். பேக்கிங் பவுடர் எதுக்குன்னா அது தோலோட காரத்தன்மைய லேசா ஏத்தி விடும், அப்போ சீக்கிரமாவும் சீராவும் சிவக்கும். பேக்கிங் சோடாவ தெரியாம போட்டுடாதீங்க, சோப்பு மாதிரி கசக்கும். அலுமினியம் இல்லாத பேக்கிங் பவுடரா இருந்தா நல்லது, அலுமினியம் இருக்கிறதுல ஒரு உலோக வாடை வரும்.

விரலை மெதுவா தோலுக்கு அடில விட்டு நெஞ்சுத் தோலை கிழியாம தளர்த்துங்க. உப்புக் கலவைல பாதிய தோலுக்கு அடில நேரா கறி மேல தடவுங்க, மீதிய தோல் மேலயும் எலும்புப் பக்கமும். அப்புறம் கம்பி ஸ்டாண்டு மேல தோல் மேல தெரியுற மாதிரி வச்சு, மூடாம, ஃப்ரிட்ஜ்ல 12ல இருந்து 24 மணி நேரம். மூடாம வைக்கிறது முக்கியம், ஃப்ரிட்ஜோட காஞ்ச காத்துல தோல் காகிதம் மாதிரி உலர்ந்து நிக்கணும். பச்சைக்கறி திறந்து இருக்கிறதால கீழ் தட்டுல தனியா வைங்க, வேற எதுவும் அதைத் தொடக்கூடாது.

சமைக்கிறதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் வெளிய வைக்கணும்னு சொல்லுவாங்க. நான் வைக்கிறதில்ல, அவ்வளவு பெரிய கறித்துண்டு ஒரு மணி நேரத்துல உள்ள ரெண்டு மூணு டிகிரி கூட ஏறாது.

நெஞ்சு வேக வைக்கிறது

ஏர் ஃப்ரையரை 175 டிகிரில 5 நிமிஷம் காலியா ஓட விடுங்க. அந்த நேரத்துல ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெய எடுத்து தோல் மேல மெல்லிசா தடவுங்க, கையால தடவுறது தான் நல்லது. கேன்ல அடிக்கிற ஸ்ப்ரே வேண்டாம், அதுல கலந்திருக்கிற லெசித்தின் பாஸ்கெட்டோட நான்ஸ்டிக் பூச்சுல பிசுபிசுன்னு படிஞ்சு நாளடைவுல பூச்சையே கெடுத்துடும். வெண்ணெய் ஆசைப்படுறவங்க இளகின வெண்ணெய் ரெண்டு ஸ்பூன்ல பூண்டு நசுக்கிப் போட்டு தோலுக்கு அடில வச்சு விடுங்க, மேல தடவினா அதுல இருக்கிற பால் சத்து கருகும். சர்க்கரை, தேன் சேர்ந்த எதையும் ஆரம்பத்துலயே தடவாதீங்க, கடைசி 5 நிமிஷத்துல தடவலாம். மூலிகை இலைய மேல தூவினீங்கன்னா ஃபேன் காத்துல பறந்து ஹீட்டர்ல ஒட்டி எரியும், அதையும் தோலுக்கு அடில தான் வைக்கணும்.

நெஞ்சைத் தோல் கீழ இருக்கிற மாதிரி கவுத்து வைங்க. முதல் 20 நிமிஷம் இப்படி. ஹீட்டர் மேல இருக்கிறதால ஆரம்பத்துல இருந்தே தோல் மேல இருந்தா உள்ள வேகுறதுக்குள்ள கருகிடும், கவுத்து வச்சா எலும்புப் பக்கம் முதல் சூட்டை வாங்கிக்கும், தோலடிக் கொழுப்பும் மெதுவா உருகி இறங்கும். 20 நிமிஷம் ஆனதும் திருப்புங்க, தோல் கிழியாம இருக்க ரெண்டு கரண்டி வச்சு ஏந்தித் திருப்பணும், முள்கரண்டியால குத்தித் தூக்க வேண்டாம். திருப்பினதுக்கு அப்புறம் 2 கிலோ எலும்பு பீஸ்னா இன்னும் 30ல இருந்து 40 நிமிஷம் ஆகும். ரெண்டு நெஞ்சும் சேர்ந்த இரண்டரை கிலோ, 3 கிலோன்னா மொத்தமா ஒரு மணி நேரத்துல இருந்து ஒன்னேகால் மணி நேரம், எலும்பில்லாத ஒன்னேகால் கிலோ ரோல்னா மொத்தம் 45ல இருந்து 55 நிமிஷம்.

இந்த நிமிஷக் கணக்கெல்லாம் எப்போ தெர்மாமீட்டரைக் கையில எடுக்கணும்னு தெரிஞ்சுக்க மட்டும் தான். ஒவ்வொரு மெஷினும் ஒவ்வொரு மாதிரி, டயல்ல 175ன்னு இருந்தாலும் உள்ள நிஜமா என்ன சூடுங்கிறது வேற. சொன்ன நேரத்துக்கு 15 நிமிஷம் முன்னாடியே முதல் தடவை குத்திப் பாருங்க.

தோல் நல்லா சிவந்துடுச்சு, உள்ள இன்னும் 55 டிகிரி தான் இருக்குன்னா மேல ஒரு துண்டு அலுமினியம் ஃபாயில் போட்டு, ஓரத்தைக் கறிக்கு அடில நல்லா சொருகி விடுங்க. லூசா விட்டா ஃபேன் தூக்கி ஹீட்டர்ல அடிச்சிடும், அது ஆபத்து. தலைகீழா, உள்ள வெந்துடுச்சு தோல் மட்டும் மெத்துனு இருக்குன்னா கடைசி 3 நிமிஷம் 200 டிகிரி.

தெர்மாமீட்டர் இல்லாம இறங்காதீங்க

இதுக்கு மாத்து வழி ஒண்ணு சொல்லணும்னு எனக்கும் ஆசை தான், ஆனா கிடையாது. சாறு தெளிவா வந்தா வெந்துடுச்சு, கறி வெள்ளையா ஆயிட்டா வெந்துடுச்சுன்னு சொல்றதெல்லாம் நம்ப முடியாது. எலும்பு ஓரமா 74 டிகிரி தாண்டியும் இளஞ்சிவப்பா இருக்கலாம், 65லயே சாறு தெளிவாவும் ஓடலாம்.

கோழி, வான்கோழிக்குப் பாதுகாப்பான உள்சூடு 74 டிகிரி செல்சியஸ், ஃபாரன்ஹீட்ல 165. நெஞ்சோட தடிச்ச இடத்துல பக்கவாட்டுல குத்தி நடு மையத்துக்குக் கொண்டு போங்க, எலும்புல முனை படக்கூடாது, பட்டா தப்பான சூட்டைக் காட்டும். ரெண்டு மூணு இடத்துல குத்திப் பார்த்து எது கம்மியா காட்டுதோ அதைத் தான் கணக்குல எடுக்கணும். வாங்கின தெர்மாமீட்டர் சரியா காட்டுதான்னு பார்க்க ஒரு டம்ளர் நிறைய ஐஸ் போட்டு கொஞ்சம் தண்ணி ஊத்தி முனைய விட்டுப் பாருங்க, 0 காட்டணும்.

நான் நெஞ்சை 71 டிகிரில வெளிய எடுத்துடுவேன், ஆனா தெர்மாமீட்டரை உள்ளயே விட்டு வைப்பேன். வெளிப்பக்கம் இருக்கிற சூடு உள்ள நகர்ந்து ஒரு 10 நிமிஷத்துல 74 தொட்டுடும். தொடலன்னா திரும்ப உள்ள வச்சிடுவேன், அதுல மட்டும் சமரசமே இல்ல, முக்கியமா வீட்டுல சின்னக் குழந்தைங்க, கர்ப்பமா இருக்கிறவங்க, வயசானவங்க இருந்தா. ரோல் பண்ணின சின்ன பீஸ்ல அந்த அளவுக்கு சூடு ஏறாது, அதை உள்ளயே 73, 74 வரைக்கும் விட்டுடுங்க.

கால், தொடை, ரெக்கை

இதுங்க ரொம்ப பொறுமையான பீஸ், பத்து நிமிஷம் கூடப் போனாலும் கெடாது. கால் 190 டிகிரில 35ல இருந்து 45 நிமிஷம், நடுவுல ரெண்டு தடவை திருப்பணும். எலும்போட தொடை 180ல 35ல இருந்து 50 நிமிஷம், முதல் பாதி தோல் கீழ, அடுத்த பாதி தோல் மேல. ரெக்கை 190ல அரை மணி நேரம். 74 வந்தா சாப்பிடலாம், பாதுகாப்பு தான், ஆனா கால்ல அப்போ கறி ரப்பர் மாதிரி இழுக்கும், 80, 82 வரைக்கும் விடுங்க, எலும்புல இருந்து தானா விலக ஆரம்பிக்கும். வான்கோழிக் கால்ல சதைக்குள்ள குச்சி மாதிரி கெட்டியான நரம்பு நிறைய இருக்கும், அது எவ்வளவு வெந்தாலும் கரையாது, சாப்பிடும்போது உருவிப் போட்டுட வேண்டியது தான்.

முழுப் பறவையும் ஒரே ஏர் ஃப்ரையர்ல முடிக்கணும்னா கால், தொடைய முதல்ல வேக வச்சு ஃபாயில்ல சுத்தி வச்சுட்டு, நெஞ்சைக் கடைசியா வைங்க. நெஞ்சு வெளிய வந்து ஆறுற நேரத்துல காலைத் திரும்ப உள்ள வச்சு 190ல 6, 7 நிமிஷம் ஓட விட்டா தோல் மறுபடி மொறுமொறுன்னு ஆகி உள்ளயும் சூடாயிடும். வெந்த கறி வெளிய இருக்கிற நேரம் 2 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. பாதி வேக்காட்டுல எடுத்து வச்சுட்டு அப்புறம் முடிச்சுக்கலாம்ங்கிற யோசனை மட்டும் வேண்டவே வேண்டாம், கிருமிக்கு அதை விட வசதியான இடம் கிடைக்காது.

ஆற விட்டு வெட்டுறது

நெஞ்சு எடுத்ததும் 15ல இருந்து 20 நிமிஷம் அப்படியே விடுங்க. ஃபாயில் போட்டு இறுக்கி மூடினா ஆவி அடங்கி இவ்வளவு கஷ்டப்பட்டு வர வச்ச மொறுமொறுப்பு பத்தே நிமிஷத்துல நமத்துப் போயிடும், அதனால திறந்தே இருக்கட்டும், இவ்வளவு பெரிய துண்டு அதுக்குள்ள ஆறிடாது. உடனே வெட்டினா சாறெல்லாம் பலகைல ஓடிடும், கொஞ்சம் ஆறினா சாறு கெட்டியாகி கறிக்குள்ளயே நிக்கும்.

வெட்டும்போது எலும்பு மேலயே வச்சு நீளவாக்குல சீவாதீங்க. நடு எலும்பு ஓரமா கத்திய இறக்கி, விலா எலும்பை ஒட்டியே கொண்டு போய் நெஞ்சை முழுசா ஒரே துண்டா கழட்டி எடுங்க. பலகைல வச்சு நாருக்குக் குறுக்கா விரல் தடிமனுக்கு துண்டு போடுங்க, ஒவ்வொரு துண்டுலயும் ஓரத்துல தோல் வரும். நார் குறுக்கா வெட்டுப்பட்டா வாயில வச்சதும் கறி உதிரும், நீளமா வெட்டினா அதே கறி நூல் நூலா மெல்ல வேண்டி இருக்கும்.

கிரேவி

ஏர் ஃப்ரையர்ல கீழ வடியுற சாறு கொஞ்சம் தான், அதுவும் சில நேரம் கருகி இருக்கும். அதனால முந்தின நாளே எடுத்து வச்ச முதுகு, கழுத்து, ரெக்கை நுனிய 200 டிகிரில 25 நிமிஷம் ஏர் ஃப்ரையர்லயே நல்லா சிவக்க விட்டு, ஒரு பானைல போட்டு, வெங்காயம், கேரட், ரெண்டு பிரிஞ்சி இலை சேர்த்து, முங்குற அளவு தண்ணி ஊத்தி, கொதி வந்ததும் தணல்ல 2, 3 மணி நேரம் விடுங்க. ஈரல் மட்டும் இதுல போடாதீங்க, கசப்பு இறங்கிடும். உப்பும் போட வேண்டாம். வடிகட்டி ஃப்ரிட்ஜ்ல வச்சா மேல கொழுப்பு கட்டியா நிக்கும், கீழ சாறு ஜெல்லி மாதிரி ஆடும், அப்படி ஆடினா நல்லா வந்திருக்குன்னு அர்த்தம்.

மறுநாள் அந்தக் கொழுப்போ வெண்ணெயோ 2 டேபிள்ஸ்பூன் உருக்கி, 2 டேபிள்ஸ்பூன் மைதா போட்டு சின்னத் தீயில பச்சை வாடை போய் லேசா பழுப்பாகுற வரைக்கும் கிளறி, ரெண்டு கப் எலும்பு சாறைக் கொஞ்சம் கொஞ்சமா ஊத்திக்கிட்டே கலக்குங்க. ஒரேயடியா ஊத்தினா கட்டி தட்டும். பாஸ்கெட் அடில இருக்கிற சாறு கருகாம இருந்தா ருசி பார்த்துட்டு அதையும் சேருங்க, உப்பு அதுலயே நிறைய இருக்கும், தனி உப்பு கடைசில தான்.

புகை வந்தா

கொழுப்பு சொட்டி கீழ் தட்டுல விழுந்து எரியுறதால தான் புகை வரும், கால் தொடைல அதிகமா வரும். பாஸ்கெட்டுக்கு அடில இருக்கிற தட்டுல 3, 4 டேபிள்ஸ்பூன் தண்ணி ஊத்தி வைங்க, கறி தண்ணியத் தொடக்கூடாது. சில மாடல்ல தண்ணி ஊத்தக்கூடாதுன்னு கையேட்டுல போட்டிருப்பாங்க, முதல்ல அதைப் பாருங்க, அப்படின்னா கீழ ஒரு துண்டு பிரெட் வச்சா அது கொழுப்பை உறிஞ்சிக்கும். வெள்ளைப் புகைன்னா கொழுப்பு தான், நிறுத்தி தட்டைத் துடைச்சுட்டுத் தொடரலாம். கரும்புகை வந்தா ஏதோ ஹீட்டர்ல பட்டு எரியுது, உடனே சுவிட்ச் ஆஃப் பண்ணி, பிளக்கைப் பிடுங்கி, புகை அடங்கின பிறகு தான் திறக்கணும்.

மிச்சம் இருந்தா

2 மணி நேரத்துக்குள்ள எலும்புல இருந்து கறிய எடுத்து, குவிச்சு வைக்காம தட்டையான டப்பால பரப்பி ஃப்ரிட்ஜ்ல வைங்க, 3, 4 நாளைக்குள்ள சாப்பிட்டு முடிங்க. அதுக்கு மேல வைக்கணும்னா கொஞ்சம் கிரேவியோ எலும்பு சாறோ ஊத்தி ஃப்ரீசர்ல வைங்க, வெறும் கறியா வச்சா ஃப்ரீசர் காத்துல காய்ஞ்சு நார் ஆயிடும்.

திரும்ப சூடு பண்ணும்போது நெஞ்சுக்கறிய ஏர் ஃப்ரையர்ல வெறுமனே போடாதீங்க, முதல் நாள் காப்பாத்தின ஈரமெல்லாம் அந்த ஃபேன் காத்துல 5 நிமிஷத்துல போயிடும். ரெண்டு ஸ்பூன் எலும்பு சாறு தெளிச்சு ஃபாயில்ல பொட்டலமா இறுக்கி மடிச்சு 160 டிகிரில 8, 10 நிமிஷம் வைங்க, மறுபடி 74 டிகிரி வந்திருக்கான்னு குத்திப் பாருங்க. தோலை மட்டும் உரிச்சு தனியா 190ல 3 நிமிஷம் விட்டா அப்பளம் மாதிரி பொரிஞ்சு வரும், அதைக் கறி மேல நொறுக்கிப் போட்டு சாப்பிடுங்க.